அரைச்சம்பளம்

அவளுடைய சொந்தப் பெயர் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "அரைச்சம்பளம் வருது" என்று யாராவது சொன்னால் போதும், குழாயடியில் பேச்சு நின்றுவிடும். அடுக்குமாடி வீடுகளுக்குச் சமையலுக்கும், பாத்திரம் துலக்கவும், படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் சேர்த்துவிடுவது அவள் தொழில். சேர்ந்த பெண்ணின் முதல் மாதச் சம்பளத்தில் பாதி அவளுக்கு. வீட்டுக்காரர்களும் அதே அளவு கொடுக்கவேண்டும்.

"ரெண்டு பக்கமும் தின்னுறா" என்பார்கள்.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அதை மட்டும் ஒருத்தியும் சொல்ல மாட்டீங்க" என்பாள் அவள்.

அவளும் இருபது வருடம் பாத்திரம் துலக்கியவள்தான். ஒரு நாள் சோப்புத் தண்ணீர் வழிந்த படியில் சறுக்கி முழங்கால் சில்லு உடைந்தது. வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் "நீ எழுந்து வர்ற வரைக்கும் யாரையாவது அனுப்பேன்" என்றாள். இவள் தன் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினாள். கால் கூடி எழுந்தபோது அந்த வேலை பக்கத்து வீட்டுப் பெண்ணுடையதாகிவிட்டிருந்தது. தாங்கித் தாங்கி நடக்கிறவளை வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆள் கேட்டு மட்டும் வந்தார்கள்.

எந்தப் பெண்ணையும் அவள் தனியாக அனுப்பியதில்லை. முதல் நாள் கூடவே போவாள். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று கேட்டுச் சமையலறைவரை நுழைந்துவிடுவாள். அந்த ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிப்பதற்குள், வேலைக்காரி படுக்கும் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, வீட்டு ஆண்கள் எத்தனை பேர், யாருடைய குரல் ஓங்கியிருக்கிறது எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொல்லமாட்டாள். ஒரு வீட்டுக்கு ஆள் அனுப்புவாள், இன்னொன்றுக்கு "ஆள் இல்லைங்க" என்பாள், அவ்வளவுதான். காரணத்தையும் சொல்லிவிட்டால் தன்னை எதற்குத் தேடுவார்கள் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கில் கூடப்பிறந்த தங்கைக்கும் தள்ளுபடி இல்லை. புருஷன் விட்டுப்போய் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து நின்ற தங்கையை, பக்கவாதத்தில் கிடந்த ஒரு பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சேர்த்துவிட்டாள். நல்ல வீடு. மாதம் முடிந்ததும் பாதிச் சம்பளத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். தங்கை எண்ணிக் கொடுத்தாள். ஆனால் அதை மறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பாட்டியம்மா இறந்துபோனாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் அடுக்குமாடிச் சங்கம் கூட்டம் போட்டது. செயலாளர், கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர், எழுந்து பேசினார். "வேலை இருக்கு, ஆள் இருக்கு, கையில போன் இருக்கு. நடுவுல ஒருத்தி எதுக்குங்க?" எல்லாரும் கை தட்டினார்கள். வேலை தேடும் பெண்களையும் வீட்டுக்காரர்களையும் சேர்த்துப் போனில் ஒரு குழு தொடங்கினார்கள். தரகர்களை உள்ளே விடக்கூடாது என்று வாசல் காவலாளிக்கு உத்தரவு போயிற்று.

குழுவில் முதலில் சேர்ந்தவர்களில் தங்கையும் ஒருத்தி.

"எந்த வீட்டுல சேர்ந்திருக்க?" என்று அக்கா கேட்டாள்.

"எதுக்கு? வந்து பாதி கேக்கவா?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்டி."

"நீ சும்மா எதையும் தெரிஞ்சுக்க மாட்டியே."

நாலாம் நாள் காவலாளி சொல்லித் தெரிந்தது. நாலாவது மாடி, மூலை வீடு. அது அவள் ஆறு வருடமாக "ஆள் இல்லைங்க" என்று சொல்லிவரும் வீடு. இரண்டு மாதம் தேன் ஒழுகப் பேசி வேலை வாங்குவார்கள். மூன்றாம் மாதம் சம்பளம் கேட்டால் ஏதாவது ஒரு நகை காணாமல்போகும். "போலீசுக்குப் போகட்டுமா, நீயே போயிடறியா?" என்பார்கள். அவள் அனுப்பிய இரண்டு பெண்கள் அப்படித்தான் அழுதுகொண்டே வெறுங்கையோடு வந்தார்கள்.

போய்ச் சொல்லியிருக்கலாம். தங்கை வீடு பத்து நிமிட நடை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போகவும் செய்தாள். நடுவுல ஒருத்தி எதுக்கு என்றுதானே எல்லாரும் கேட்டார்கள், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. திரும்பிவிட்டாள்.

மூன்றாம் மாதம் வளையல் காணாமல்போயிற்று. தங்கை மற்றவர்களைப்போல அழுதுகொண்டு வெளியேறவில்லை. "நான் எடுக்கலை, சம்பளத்தைக் குடுங்க" என்று அங்கேயே நின்றாள். நிஜமாகவே போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சேதி கேட்டு அக்கா முதலில் செயலாளரிடம் ஓடினாள். வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். "குழு தொடங்கி வெச்சதோட எங்க பொறுப்பு முடிஞ்சுதும்மா. அது அவங்க ரெண்டு பேருக்கும் உள்ள விஷயம்."

பிறகு அவள் அந்தப் பழைய பெண்கள் இருவரையும் தேடிப்போனாள். ஒருத்தி தையல் கடையில் இருந்தாள், இன்னொருத்தி காய்கறி விற்றுக்கொண்டிருந்தாள். வரமாட்டோம் என்றார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சி இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"நீ யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அக்கா. வேலைக்கு ஆள் சேர்த்துவிடறவ."

"ஓ, புரோக்கரா" என்று சிரித்தார். ஆனால் மூன்று பெண்களும் ஒரே கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போயிற்று. அரை மணி நேரத்தில் வளையல் பீரோவிலேயே இருந்ததாகப் பதில் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்க ரெண்டு பேருக்கும் இப்படி நடந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். தொழிலில் எத்தனையோ பொய் சொன்னவள். "தெரியும்" என்றாள்.

"நான் சேர்ந்தது எப்போ தெரியும்?"

"நாலாம் நாளு."

தங்கை வீங்கிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "பாதிச் சம்பளம் குடுத்திருந்தா சொல்லியிருப்ப, இல்ல?"

அடுத்த நிறுத்தம் வந்தது. தங்கை இறங்கிப்போய்விட்டாள். அவள் வீட்டுக்கு இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது.

அதன்பின் அவள் மாறித்தான் போனாள். வேலை கேட்டு வருகிற பெண்ணிடம் எந்த வீடு எப்படி என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். கேட்டுக்கொண்டு "சரிக்கா" என்று போவார்கள், நல்ல வீடாகப் பார்த்துத் தாங்களாகவே போய்ச் சேர்ந்துகொள்வார்கள். வருமானம் நின்றது. ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலைக்குப் போனாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

போன் குழுவும் நிலைக்கவில்லை. சங்கம் இப்போது ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. வருகிற பெண்களுக்கு நீலக் கோட்டு உண்டு, அடையாள அட்டை உண்டு. சம்பளத்தில் கால்வாசியைக் கம்பெனி பிடித்துக்கொள்கிறது, முதல் மாதம் மட்டுமல்ல, ஒவ்வொரு மாதமும். அங்கிருந்து யாரும் எந்தச் சமையலறைக்கும் போய்த் தண்ணீர் கேட்டதில்லை. ஆனாலும் கம்பெனியை யாரும் திட்டுவதில்லை, யாரைத் திட்டுவது என்று தெரியாததால்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் தங்கையைப் பார்த்தாள். நீலக் கோட்டு போட்டிருந்தாள். நாலாவது மாடி மூலை வீட்டுக்கும் கம்பெனி ஆள் அனுப்புகிறது என்று கேள்விப்பட்டதைச் சொல்லிவிடலாம் என்று கிட்டே போனாள். தங்கை பார்த்துவிட்டாள். பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.