ஓய்வெடுத்துக்கொண்டிருந்த போன்கள்

அந்தச் சாப்பாட்டு அறையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். அழுக்கான இடமில்லை, நானே ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடைக்கிற மேசைதான். மதியம் பன்னிரண்டரைக்கு அந்த மேசையில் பதினொரு போன்கள் வரிசையாக மல்லாந்து கிடக்கும். ஒவ்வொன்றின் திரையிலும் 'ஓட்டுநர் ஓய்வில் இருக்கிறார்' என்று பச்சை எழுத்து ஒளிரும். ஓட்டுநர்களில் ஒருவர்கூட அங்கே இருக்க மாட்டார். அவர்கள் வெயிலில் பார்சல் வான் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

சிட்னியின் மேற்கே, பிளாக்டவுனுக்குக் கிட்ட இருந்த ஒரு பார்சல் டிப்போவில் நான் மேற்பார்வையாளன். முதலாளி சீனர். சீனாவிலிருந்து சனங்கள் ஒன்லைனில் வாங்கிக் குவிக்கிற சாமான்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பைகளில் எங்களிடம் வந்து இறங்கும். வான்காரர்கள் அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுவார்கள். சீனர்கள், பஞ்சாபிகள், எங்கள் ஆட்கள் என்று கலந்த கூட்டம். காலை ஆறு மணிக்கு ஏறினால் பின்னேரம் வரை இருக்கையைவிட்டு எழும்ப நேரமில்லை. சலம் கழிக்கக்கூட இறங்காமல் போத்தலோடு ஓடியவர்கள் உண்டு. அந்தப் போத்தல்களை வானுக்குள்ளிருந்து பொறுக்கி எறிந்தவன் நான், கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை.

பிறகு அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. வாகனம் ஓடிப் பிழைக்கிறவர்களை இனி மனிதர்களாக நடத்த வேண்டும் என்று தொலைக்காட்சியில் பெரிய பேச்செல்லாம் பேசினார்கள். எங்கள் டிப்போவிலும் ஓர் ஒழுங்கு வந்தது. பன்னிரண்டரை தொடக்கம் ஒன்றரை வரை எல்லோரும் ஓய்வெடுக்க வேண்டும், ஓய்வெடுத்தார்களா என்பதை அவரவர் போனில் இருக்கும் ஆப் பதிவு செய்யும். சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி கொடுக்க வேண்டாமா?

முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சட்டம் போனைத்தான் பார்க்கிறது. போன் ஓய்வெடுக்கட்டும்."

அவ்வளவுதான் திட்டம். டூங்கபி, பென்டில் ஹில் போன்ற கிட்டடி ஊர்களுக்கு ஓடும் பதினொரு பேரும் பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்து போனை மேசையில் வைப்பார்கள். கையால் எழுதிய முகவரிப் பட்டியல் ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடி ஓடுவார்கள். ஒன்றரைக்கு வந்து போனை எடுப்பார்கள். பட்டியலுக்குப் பிரதி கிடையாது, அதிகாரிகள் வந்தால் ஒரு துண்டுக் கடதாசிகூட அகப்படக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஆப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இன்னும் ஓய்விலா?' என்று கேட்கும். 'ஓம்' என்ற பொத்தானை அமத்துவது என் வேலை. வலது கையால் மனைவி கட்டித்தந்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, இடது கைச் சுண்டுவிரலால் பதினொரு பொய்களை அமத்துவேன். சீ, என்ன பிழைப்பு!

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் ஐம்பத்தைந்து வயதுச் சீனர், சீனாவின் வடக்கே இருபது வருடம் பெரிய லொறி ஓடியவர். எங்கள் இருவரின் இங்கிலீசும் நொண்டிதான்; ஆனால் இரண்டு நொண்டிகளும் சேர்ந்து நன்றாகவே நடந்தன. முதல்நாள் போனை மேசையில் வைக்கும்போது அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எங்கள் நாட்டிலும் அரசாங்கம் இதைத்தான் செய்தது. லொறிக்குள் ஒரு பெட்டி பூட்டினார்கள். நாலு மணித்தியாலம் ஓடினால் அது 'ஓய்வெடு, ஓய்வெடு' என்று கத்தும். முதலாளி என் மனைவியின் பெயரில் ஓர் ஓட்டுநர் அட்டை எடுத்துத் தந்தார். பெட்டி கத்தினால் அவளுடைய அட்டையைச் செருகுவேன். அவளுக்குச் சைக்கிள்கூட ஓடத் தெரியாது. பெட்டியைக் கேட்டால் அவள் நாட்டையே சுற்றியிருக்கிறாள்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதற்கா இவ்வளவு தூரம் பிளேனில் வந்தேன்?" என்றார். போய் வான் ஏறினார்.

என்னைக் கண்டால் அவர் வணக்கம் சொல்ல மாட்டார்; "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்பார். அவர்களிடமும் அதுதான் நலம் விசாரிக்கிற வழக்கமாம். எங்களிலும் அப்படித்தானே. அதனால் வந்த வினை ஒன்றும் உண்டு. ஓய்வு நேரம் என்று ஒன்று வந்ததும், வீடுகளிலிருந்து போன் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பதினொரு வீட்டிலும் அதே கேள்விதான், சாப்பிட்டாச்சோ என்று. சண்டை வரும் என்ற பயத்தில் அனேகம் பேர் வீட்டுக்கு உண்மையைச் சொல்லவில்லை. ஒரு மணியானால் மேசையில் போன்கள் அதிர்ந்து அதிர்ந்து நகரும். விளிம்புக்கு வந்தால் உள்ளே தள்ளிவிடுவேன். எடுக்க மாட்டேன்.

ஒரு தை மாதம், இங்கே அது கோடை, நாற்பது டிகிரியைத் தாண்டிய வெயில். அன்று காலையில் சீனர் வானில் ஏற்றும்போது ஒரு பார்சலைக் கைதவறப் போட்டார். அவர் அப்படிப் போடுகிற ஆளில்லை. வலது கையை உதறிப் பார்த்துக்கொண்டார். நான் கண்டேன். "கவனம்" என்றேன். பார்சலைத்தான் சொன்னேன்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவருடைய போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நாலாம் தரம் நான் எடுத்தேன். அவருடைய மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை.

"அப்பா எங்கே?"

"ஓய்வில் இருக்கிறார்."

"கொஞ்சம் கொடுங்களேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கினால் சோறு காணாது, இன்னும் சோறு தேவைப்படும். "நித்திரை" என்றேன்.

"அப்பாடா!" என்றாள் அந்தப் பிள்ளை. "காலையில் தலையிடி என்றார். கை மரத்திருக்கிறது என்றும் சொன்னார். எழுப்பாதீர்கள். தூங்கட்டும். பார்த்துக்கொள்வதற்கு நன்றி."

நன்றி! எனக்கு! போனை வைத்துவிட்டு மிச்சப் புட்டைச் சாப்பிட்டேன். ஆம், சாப்பிட்டேன். தொண்டையில் நிற்கவில்லை, வழக்கம்போல இறங்கியது.

ஒன்றரைக்குப் பத்துப் பேர் வந்து போனை எடுத்தார்கள். அவருடைய போன் மட்டும் மேசையில் கிடந்தது. ஒன்றே முக்காலாகியும் அவர் வரவில்லை. ஆப்பைக் கேட்டால் அவர் என் முன்னால்தான் இருக்கிறார். பட்டியல் அவருடைய சட்டைப் பையில். டூங்கபி என்று மட்டும் தெரியும். முதலாளிக்குப் போன் அடித்தேன். "பொறு, வருவார்" என்றார். நான் பொறுக்கவில்லை, காரை எடுத்தேன்.

டூங்கபியில் ஒரு மனிதனை எப்படித் தேடுவது? தெருத்தெருவாக ஊர்ந்து வாசல்களைப் பார்த்தேன். மூன்றாவது தெருவில் ஒரு வாசற்படியில் எங்கள் சாம்பல் பை கிடந்தது. அடுத்த தெருவில் இரண்டு. பைகளைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு வீட்டில் பை படியில் இல்லை, புல்லில் கிடந்தது. அதற்கடுத்ததில் பாதையோரம். அவர் பையை எறிகிறவர் அல்ல. அதைக் கண்டதும் காரின் வேகத்தைக் கூட்டினேன்.

முட்டுச் சந்தொன்றின் முடிவில் வான் நின்றது, கதவு திறந்தபடி. அவர் நிழலே இல்லாத நிலத்தில் கிடந்தார். பக்கத்து வீட்டுத் தமிழ் அன்ரி ஒருவர் தன்னுடைய குடையை அவர் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பதான் கண்டனான் தம்பி, அம்புலன்சுக்கு அடிச்சிட்டன். எவ்வளவு நேரமாக் கிடந்தாரோ தெரியாது. உங்கட ஆளே?"

"ஓம் அன்ரி, எங்கட ஆள்தான்."

கண் திறந்திருந்தது. முகத்தின் ஒரு பக்கம் இறங்கிப்போய், வாயோரம் எச்சில் வழிந்தது. என்னைக் கண்டதும் ஏதோ சொல்லப் பார்த்தார். வெறும் சத்தம்தான் வந்தது.

அம்புலன்சில் வந்த பெண் அவரைப் பார்த்த உடனேயே பாரிசவாதம் என்றாள். என்னிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி: "இவர் கடைசியாக நல்லபடி இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? சரியாகச் சொல்லுங்கள். மருந்து அந்த நேரத்தைப் பொறுத்தது."

அந்த நேரம் பார்த்து முதலாளி அழைத்தார். நிலைமையைச் சொன்னேன். "ஒன்றரை வரை சாப்பாட்டு அறையில் இருந்தார் என்று சொல். பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது" என்றார். ஒரு மனிதன் வாயில் எச்சில் வழியக் கிடக்கிறான், இந்தப் பிறவிக்குப் பதிவு! போனை அணைத்தேன். ஆனாலும் கேளுங்கள், என் வாயில் 'ஒன்றரை' என்ற சொல் தயாராக வந்து நின்றது. அத்தனை மாதம் பழக்கிய வாய் அல்லவா?

"பன்னிரண்டரை" என்றேன். "பன்னிரண்டரைக்குப் பிறகு நான் காணவில்லை. காலையிலேயே கை சரியில்லை."

ஆள் தப்பினார். வலது பக்கம் தப்பவில்லை, பேச்சும் போய்விட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இன்னும் கூடச் செய்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி நடையில் மகள் என்னைக் குரலால் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நித்திரை என்று சொன்னீர்களே?" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் மனைவி ஏசினாள். "அந்தப் பிள்ளை தகப்பனைக் கேக்கேக்க உங்களுக்கு எப்பிடி வாய் வந்தது? நாளைக்கு நான் உங்களுக்குப் போன் அடிச்சாலும் எவனோ ஒருத்தன் நித்திரை எண்டுதானே சொல்லுவான்?"

கம்பனியின் கடிதம் அந்தக் குடும்பத்துக்கு ஒரே கிழமையில் போனது. ஓட்டுநர் ஓய்வு நேரத்தில் சொந்த அலுவலாக வெளியே போனார், வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று. தூ! சனங்களைக் காப்பாற்ற வந்த விதியாலேயே அந்த மனிதனை அடித்தார்கள். அந்த விதிக்குச் சாட்சி என்னுடைய சுண்டுவிரல். மறுநாள் முதலாளி மேசைக்குப் புது விரிப்பு வாங்கி வந்தார், போன்கள் கீறுப்படாமல் இருக்க. நான் அதை விரித்தேன். இரண்டு கிழமை அதன் மேலும் அமத்தினேன். வீட்டுக் கடன், வயது, வேறு யார் வேலை தருவான் என்று எனக்கு நானே சொன்ன சாட்டுகளை இங்கே எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சீனரின் மகள் விடவில்லை. அவள் எழுதிய முறைப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மதியம், சொல்லாமல் கொள்ளாமல், அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். முதலாளி இல்லை. நான் மட்டும். அதிகாரி கணினியில் பதிவுகளைப் பார்த்தார்.

"ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லையே. இவ்வளவு ஒழுங்கான பதிவை நான் கண்டதில்லை" என்றார். பிறகு சாப்பாட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். பத்துப் போன்கள். "ஆட்கள் எங்கே?"

"பக்கத்துக் கடைக்குச் சாப்பிடப் போயிருக்கிறார்கள்." இது நான்தான். யோசிக்கவே இல்லை.

ஒரு மணியானது. முதல் போன் அதிர்ந்தது. பிறகு இன்னொன்று, பிறகு மூன்று நாலு சேர்ந்து. புது விரிப்பின் மேல் அவை ஒன்றையொன்று முட்டின. அதிகாரி என்னைப் பார்த்தார். ஒரு போன் விளிம்புக்கு வந்துவிட்டது. வழக்கம்போல உள்ளே தள்ளக் கை நீட்டியவன், எடுத்துக் காதில் வைத்தேன்.

எங்கள் ஆள் ஒருவரின் சின்ன மகள். "அப்பா, சாப்பிட்டாச்சோ?"

அதிகாரிக்கும் விளங்கட்டும் என்று இங்கிலீசில் சொன்னேன்: "அப்பா இங்கே இல்லை, பிள்ளை. அவர் இன்னும் சாப்பிடவில்லை. வான் ஓடிக்கொண்டிருக்கிறார்."

பிறகு அடுத்த போனை எடுத்தேன்.