தூளிக்காரர் தோள்

கொல்லிமலை அடிவாரத்து ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். படித்துத் தேறி வந்தவன். மலையிலிருந்து நோயாளிகளைக் கம்பில் தூளி கட்டிச் சுமந்து வருபவர்களில் ஒருவர்மேல் எனக்குத் தீராத வயிற்றெரிச்சல். ஒல்லியான ஆள், வலத்தோளில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்ததுபோல் ஒரு காய்ப்பு. வழியில் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆனால் கம்பை இறக்கும்போதே, "காச்சலுங்க", "வயித்து நோவுங்க" என்று சொல்லிவிடுவார். டாக்டரும் சோதித்துவிட்டு அதையேதான் சொல்வார். நான் எதற்கு?

பொறுக்காமல் ஒருநாள் கேட்டேன், "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தோளு சொல்லிப்போடுமுங்க. காச்சக்காரங்க வந்தா கம்பு நடுங்கும். வயித்து நோவுக்காரங்க சுருண்டுக்குவாங்க, பாரம் நடுவுல தொங்கும். எலும்பு ஒடஞ்சவங்க அசையவே மாட்டாங்க."

அம்மை குத்த மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்குப் போன இடத்தில் எனக்கே குளிர்காய்ச்சல் கண்டது. அவர்தான் முன்கம்பு பிடித்து என்னை இறக்கிவந்தார். வாசலில் டாக்டர் என் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானோ தலையைத் திருப்பித் தூளிக்காரரைக் கேட்டேன்: "எனக்கு என்னங்க?"

"காச்ச கொஞ்சந்தானுங்க சாமி. மிச்சமெல்லாம் பயமுங்க."

வழிநெடுகப் பல்லைக் கடித்து நான் மறைத்துவந்தது அதைத்தான். அந்தத் தோளின்மேல் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் தீரவில்லை.