ஏதென்ஸ் அனுப்பிய இரண்டாவது கப்பல்

கனடாவிலிருந்து கியூபெக் பிரிவதா இல்லையா என்ற வாக்கெடுப்பு நடந்த இலையுதிர்காலம் அது. மொன்றியலில் மின்கம்பங்களிலெல்லாம் 'ஓம்' என்றும் 'இல்லை' என்றும் வாக்குக் கேட்கும் பலகைகள் தொங்கின. நான் சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊரில் பாதியில் விட்ட பட்டப்படிப்பை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழகத்து மாலை வகுப்பில் சேர்ந்தேன். கணக்கியல் எடுப்பதுதான் எண்ணம். ஆனால் என் வேலை நேரத்துக்கு ஒத்துவந்தது பண்டைய கிரேக்க நகர அரசுகள் பற்றிய வகுப்பு ஒன்றுதான்.

"கிரேக்கம் படிச்சு என்ன செய்யப் போறியள்?" என்று மனைவி சிரித்தாள்.

எனக்கும் தெரியவில்லை. ஆனால் முதல் வகுப்பிலேயே நான் அதில் மயங்கிவிட்டேன். விரிவுரையாளர் என்னைவிட இளைய பெண். ஏதென்ஸில் குன்றின் சரிவில் குடிமக்கள் கூடுவார்கள், கட்டியக்காரன் எழுந்து "யார் பேச விரும்புகிறீர்கள்?" என்று கேட்பான், தோல் பதனிடுபவனும் செருப்புத் தைப்பவனும் எழுந்து பேசலாம் என்று அவர் சொன்னார். சண்டைக்குப் போவதா என்று முடிவெடுத்தவர்களே மறுநாள் துடுப்புப் பிடித்துச் சண்டைக்குப் போனார்களாம். என்னிடம் யாரும் எதையும் கேட்காமலே என் நாட்டில் ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 'யார் பேச விரும்புகிறீர்கள்?' என்ற அந்தக் கேள்வியை நான் கொப்பியில் இரண்டு தரம் எழுதிக்கொண்டேன்.

நானும் எழுந்து பேசலாம் என்று அந்த வகுப்பு தந்த துணிவுதான் என்னை ஒரு பிழையில் கொண்டுபோய் விட்டது.

எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடந்தது. பெற்றோர் சேர்ந்து நடத்திய வகுப்பு. பெற்றோர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர். பெரிய வகுப்புக்குக் கற்பித்தவர் மட்டும் ரொக்ஸ்பரோவில் வசித்த, தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் அம்மையார். கணவர் பொறியியலாளர். சம்பளம் வாங்காமல், இரண்டு பஸ் மாறி வந்து கற்பித்தார்.

ஒருநாள் என் மகளின் கட்டுரைக் கொப்பியைப் பார்த்தேன். "நானும் அம்மாவும் கதைத்தோம்" என்று அவள் எழுதியிருந்தாள். 'கதைத்தோம்' சிவப்பு மையால் வெட்டப்பட்டு, மேலே 'பேசினோம்' என்றிருந்தது. 'பேந்து' வெட்டப்பட்டு 'பிறகு' என்றிருந்தது. எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கொப்பியைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்தேன். அம்மையார் அன்று வரவில்லை. "எங்களிட்டை மிஞ்சியிருக்கிறது இந்தத் தமிழ் ஒண்டுதான். அதையும் பிழை எண்டு சொல்ல இவ ஆர்?" என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக என் பேச்சுக்குக் கை தட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து என்னைவிடக் காரமாகப் பேசினார்கள். அம்மையாரை வகுப்பிலிருந்து நிறுத்துவதென்று நான்தான் பிரேரித்தேன். கைகள் காடாக உயர்ந்தன. திங்கட்கிழமையே கடிதம் போடும்படி செயலாளரிடம் சொன்னார்கள். வீட்டுக்கு வரும்போது நான் நிமிர்ந்து நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை கிரேக்க வகுப்பு. விரிவுரையாளர் அன்று மித்திலீனி என்ற நகரத்தின் கதையைச் சொன்னார். ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்ற நகரம். கோபத்தில் கூடிய ஏதென்ஸின் சபை, அங்குள்ள ஆண்கள் எல்லோரையும் கொல்வது, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்குவது என்று முடிவெடுத்துக் கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாள் காலை விழித்தபோது ஊருக்கே மனம் உறுத்தியது. மறுபடி கூடினார்கள். முதல்நாள் வென்ற பேச்சாளன் அன்றும் அதே கோபத்தோடு பேசினான். ஆனால் மயிரிழையில் முடிவு மாறியது. கொலையை நிறுத்தும் கட்டளையோடு உடனே இரண்டாவது கப்பல் புறப்பட்டது. துடுப்புக்காரர்கள் வைனிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பை விடாமலே தின்றார்கள். முறைவைத்துத் தூங்கினார்கள். முதல் கப்பல்காரர்களுக்கோ அந்த வேலையில் விருப்பமில்லை, அவசரமில்லாமல் ஆறுதலாகப் போனார்கள். அங்கிருந்த ஏதென்ஸ் தளபதி முதல் கட்டளையை வாசித்து முடித்த நேரத்தில் இரண்டாவது கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

"கிளர்ச்சியை நடத்தியவர்களைப் பிறகும் கொன்றார்கள். அதை மறைக்கக் கூடாது," என்றார் விரிவுரையாளர். "ஆனால் ஓர் அரசு தன் கோபத்தைத் திரும்ப வாக்குக்கு விட்டதை நினைத்துப் பாருங்கள்."

நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த முதல்நாள் பேச்சாளனை. அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வகுப்பு முடிந்ததும் மெட்ரோ நிலையத்துத் தொலைபேசியில் எங்கள் பெற்றோர் சங்கத் தலைவரை அழைத்தேன். ஊரில் தபால் அதிபராக இருந்தவர், சட்டதிட்டம் என்றால் உயிர்.

"அண்ணை, அந்த முடிவைத் திரும்ப எடுக்கவேணும். இன்னொரு கூட்டம் வையுங்கோ."

"என்ன, மூண்டு நாளிலை மனம் மாறிட்டுதோ? கடிதம் நேற்றே போட்டாச்சு."

"போட்டாலும் பரவாயில்லை, அண்ணை. பிழை என்னிலைதான்."

"பிரேரிச்ச ஆள் கேட்டால் வைக்கலாம். ஆனால் நீர்தான் எழும்பி நிண்டு சொல்லவேணும். ஏலுமே?"

"ஓம்," என்றேன்.

சனிக்கிழமை எழுந்து நின்றேன். மன்னிப்போடு தொடங்க நினைத்தேன், வரவில்லை. கப்பல் கதையைச் சொன்னேன். இரண்டாவது கப்பலில் சாப்பிட்டபடி துடுப்புப் போட்டவர்களைச் சொன்னபோது பின்வரிசைக்காரர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகுதான் சொன்னேன்: "அண்டைக்கு நான் கதைச்சது கோபத்திலை. அந்த மனுசியை ஒரு வார்த்தை கேக்காமல் நாங்கள் தீர்ப்புச் சொல்லிப்போட்டம்."

உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தாய் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "தம்பி, அந்தச் சபையிலை பொம்பிளையளும் இருந்தவையோ?"

"இல்லை, அக்கா. அடிமையளும் இல்லை."

"பேந்தென்ன பெரிய சனநாயகம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கையை உயர்த்தினார். "எண்டாலும் நான் ரீச்சருக்குத்தான். என்ரை பெடியன் தமிழ் வாசிக்கிறது அவவாலைதான்."

சிலர் கடைசிவரை அசையவில்லை. போன கூட்டத்தில் எனக்குக் கை தட்டியவர்கள் சிலர் என்னைப் பார்க்கவேயில்லை. தலைவர் கைகளை இரண்டு முறை எண்ணினார். மித்திலீனியைப் போலவே, அருந்தப்பில் முடிவு மாறியது.

மறுநாள் தலைவரின் பழைய காரில் ரொக்ஸ்பரோவுக்குப் போனோம். அம்மையார் கதவைத் திறந்தார். எங்கள் கடிதம் சாப்பாட்டு மேசையில் இருந்தது. எங்கள் கப்பல் பிந்திவிட்டது.

"வாங்க, உக்காருங்க. காபி போடறேன்," என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கொப்பி என் மகளுடையது என்பதையும் சொன்னேன்.

"லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன்," என்றார். "ஒரு பிழைகூட இல்லை, நல்லா எழுதியிருந்தீங்க. அதான் ரொம்ப வலிச்சுது." தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பண்ணதும் சரியில்லைதான். என் பொண்ணு வீட்ல பேசற மாதிரி எழுதினதை யாராவது சிவப்பு மையில அடிச்சிருந்தா நானும் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனா என்கிட்டயே வந்து கேட்டிருக்கலாமே, சார்?"

அவர் காபிக் கோப்பைகளை எங்கள் முன்னால் வைத்தார்.

"இந்த வருஷம் என்னால வர முடியாது. மனசு ஆறணும்," என்றார். அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை.

சில நாட்களில், ராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்தது. என் பெற்றோர் சாவகச்சேரிக்கு நடந்து போனார்கள் என்று செய்தி வர இரண்டு வாரமானது. நவம்பரில் விரிவுரையாளர் இன்னொரு தீவின் கதையைச் சொன்னார். மேலோஸ். அங்கேயும் அதே ஏதென்ஸ், அதே தண்டனை. இரண்டாவது கப்பல் போகவில்லை. நான் வகுப்பின் நடுவே எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஆனாலும் ஏதென்ஸ்மீது எனக்கிருந்த மதிப்பு குறையவில்லை. தாங்கள் செய்த இரண்டையும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே, அந்த நேர்மையை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

அடுத்த செப்டெம்பரில், வகுப்புத் தொடங்கிய முதல் சனிக்கிழமை, அம்மையார் வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. பையை மேசையில் வைத்தார், கரும்பலகையைத் துடைத்தார். 'பேசினோம்' என்று எழுதி, பக்கத்தில் 'கதைத்தோம்' என்று எழுதினார்.

"ரெண்டும் சரி," என்றார் பிள்ளைகளிடம். "உங்க வீட்ல எது, எங்க வீட்ல எது, சொல்லுங்க பார்ப்போம்."

என் மகள்தான் முதலில் கை தூக்கினாள்.