ம் கொட்ட ஒரு ஆள்

நாடகம் பார்க்கப் போனால் நான் ஓரத்து நாற்காலியில்தான் உட்காருவேன். நடுவில் மாட்டிக்கொண்டால் எனக்கு மூச்சு முட்டும். விளக்கு அணைவதற்குள் எழுந்து போய், மைக் எங்கே தொங்குகிறது, திரையை இழுக்கப்போகிற ஆள் யார், அவன் முழித்துக்கொண்டிருக்கிறானா என்றெல்லாம் பார்த்துவிட்டு வந்தால்தான் நிம்மதி. அப்போதும் வலது கால் சும்மா இருக்காது. "வீட்டுலயே உட்காந்து ஆட்டலாம்லா, அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்று என் மனைவி கேட்பாள். என்னோடு நாடகத்துக்கு வருவதை அவள் நிறுத்தி வெகு காலம் ஆகிவிட்டது.

நான் நிறுத்தவில்லை. சிம்பாங் பூலாயில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நாள் முழுக்க முன்னே, பின்னே, மேலே, கீழே என்று பெட்டிகளை நகர்த்திவிட்டு வருகிற எனக்கு, மனிதர்கள் மேடையில் நகர்வதைப் பார்த்தே ஆகவேண்டும். என்ன மொழி என்பதெல்லாம் பிறகு. ஈப்போவில் ஆங்கிலப் பாட்டு நாடகம் போட்டால் போவேன். கோயில் திடலில் சீனக் கூத்து நடந்தால் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றாவது பார்ப்பேன். முதல்முறை அங்கே போனபோது முன்வரிசை முழுக்கக் காலியாக இருக்கக் கண்டு, நம் அதிர்ஷ்டம் என்று போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சீனக் கிழவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சினி தா போலே டுடுக்," என்றாள். அங்கே உட்காரக்கூடாதாம். அந்த வரிசை செத்துப்போனவர்களுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. யார் மடியில் உட்கார்ந்தேனோ என்று ஒரு வாரம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆங்கில நாடகத்தில் எனக்கு வேறு தொல்லை. அங்கே எல்லாரும் ஆஸ்பத்திரி வார்டில் இருப்பதுபோல் இருப்பார்கள். எனக்கோ யாராவது கதை சொன்னால் ம் கொட்டாமல் இருக்க முடியாது. நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். எதிரே ஒருவர் பேசினால், கேட்கிறோம் என்று காட்ட ஒரு 'ம்' போடவேண்டும். போடாவிட்டால் பேசுகிறவருக்கு ஓடாது. ஒரு தடவை மேடையில் அந்தப் பெண் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணீரோடு ஏதோ சொல்ல, இருட்டில் நான் "ம்" என்றேன். முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. இடைவேளையில் ஒரு அம்மாள் வந்து, எனக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார்.

நான் குடியிருக்கிற புந்தோங்கில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. நம் ஆட்கள் ம் கொட்டுவதோடு நிற்கமாட்டார்கள். வில்லன் கதவுக்குப் பின்னால் ஒளிந்தால், "அங்க நிக்கிறான் பாரு," என்று கதாநாயகிக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். ம் கொட்டுவது வேறு, கதையில் கை வைப்பது வேறு என்று என் கட்சி.

என் அக்கா மேடை ஏறப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அக்கா ஹுத்தான் மெலிந்தாங் என்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மாமா மீன் சந்தையில் வேலை பார்த்தார். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்ததும், பிள்ளைகள் சிங்கப்பூரில் இருப்பதால், அவளை நான்தான் புந்தோங்குக்கு அழைத்து வந்தேன். வீட்டில் மூன்று பேர் என்பது பெயருக்குத்தான். மனைவிக்குக் கிளினிக்கில் வேலை, எனக்குக் கிடங்கில் ஷிப்ட். அக்கா சமையலறையில் நின்று பேசுவாள். பேச்சு பாதியில் இருக்கும்போதே நான் சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன், மனைவி கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பாள். "நான் சொன்னது கேட்டுச்சா?" என்று அக்கா கேட்பாள். கேட்காதவர்களிடமிருந்து பதில் எப்படி வரும்?

பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளி ஆசிரியர் நாடகக் குழு வைத்திருந்தார். சின்ன வயசு. நன்றாக எழுதுவார் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். வசனம் மனப்பாடம் செய்கிறவர்களுக்குத் தேநீர் போட்டுத் தரப் போன அக்கா, கடைசியில் அம்மா வேஷத்தோடு திரும்பி வந்தாள். எனக்குத் திக்கென்றது. "உனக்கு எதுக்குக்கா இந்த வேலை?" என்றேன்.

"அங்க போனா நாலு பேரு வாய மூடிக்கிட்டு கேக்கிறாங்க தம்பி. அதுக்குத்தான் போறேன்," என்றாள்.

அவளுக்கு ஒரே காட்சி, அதுவும் கடைசிக் காட்சி. தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் தாய், வெளியூர் கிளம்பிக்கொண்டிருக்கும் மகனிடம் பேசுகிறாள். மகனுக்கு வசனமே இல்லை, வெறும் 'ம்' மட்டும்தான். கடைசியில் தாய், "நான் பேசுனது கேட்டுச்சாய்யா?" என்று கேட்கும்போது மகன் போய்விட்டிருப்பான். பதில் வராது. அந்த மௌனத்தில் திரை விழவேண்டும். அந்த மௌனத்துக்காகத்தான் நாடகமே எழுதினேன் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் நான் 'ம்' போட, அக்கா வசனம் சொல்லிப் பழகினாள். 'ம்' வரத் தாமதித்தால் அடுத்த வரி அவளுக்கு வராது, அப்படியே நின்றுவிடுவாள். இன்னொரு சிக்கல் அவள் குரல். கல்யாணத்துக்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், நாலு மரநிரை தாண்டி நிற்கிறவளோடு பேசிப் பழகிய தொண்டை. "அக்கா, மைக் இருக்குலா, மெதுவா பேசுங்க," என்று ஆசிரியர் கெஞ்சி, பாதிக் குரலுக்குக் கொண்டுவந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டேவான் என்று நாங்கள் சொல்லும் பொது மண்டபத்தில் நாடகம். ஆறு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்து கொடுக்கவேண்டும். மாலையில் அங்கே ஒரு கல்யாண விருந்து. ஒரே நாள், ஒரே தடவைதான் போடுகிறார்கள். நான் முன்கூட்டியே போய் வழக்கம்போல் ஓரத்தில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட சோபாக்கள். ஒய்பி வருகிறார் என்றார்கள். எங்கள் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரைத்தான் அப்படிச் சொல்வோம். மகனாக நடிக்கிற பையன் அவருடைய அலுவலகத்தில்தான் வேலை பார்த்தான், அவன்தான் அழைத்திருந்தான்.

ஒய்பி வரவில்லை. காத்திருந்து காத்திருந்து, பிறகு நாடகத்தைத் தொடங்கிவிட்டார்கள். மணியைப் பார்த்தேன், மேடையைப் பார்த்தேன், மறுபடி மணியைப் பார்த்தேன். நடிக்கிறவர்கள் வேறு ஒவ்வொரு வசனத்துக்கும் மைக்கைத் தேடி நடந்து வந்து, பேசிவிட்டு, திரும்பி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது காட்சியில் தகப்பன் கட்டிலில் கிடந்து உயிரை விட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் உருமி மேளம் முழங்கியது. ஒய்பி வந்துவிட்டார். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்திருந்த மன்றத் தலைவர் மேடைக்கு ஓடினார். "பெரியோர்களே, நாடகம் சற்று நேரத்தில் தொடரும்," என்று அறிவித்தார். மாலை, பொன்னாடை, குழுவினரோடு ஒரு படம். குழுவில் மூத்தவர் என்பதால் மாலை போடுகிற பொறுப்பு செத்துக்கொண்டிருந்த தகப்பனுக்கு. அவர் போர்வையை விலக்கி எழுந்து வந்து, மாலையைப் போட்டு, படத்துக்குச் சிரித்துவிட்டு, திரும்பிப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். பிறகு ஒய்பி பேசினார். கலையைப் பற்றித் தொடங்கி, வாய்க்கால் அடைப்பைத் தொட்டு, ஒற்றுமைக்கு வந்து, மறுபடி வாய்க்காலுக்கே போனார்.

எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து பின்பக்கம் போனேன். திரைக்கு ஓரத்தில் அக்கா வெளுத்த கைலியும் ரவிக்கையுமாக, கையில் எனாமல் மங்கோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த மங்கில் மகனுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற காட்சி அது. பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"நேரம் இருக்குமா தம்பி?" என்று கேட்டாள்.

"இருக்கும்க்கா," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

நான் திரும்பி வருவதற்குள் ஒய்பி வேறு நிகழ்ச்சிக்குக் கிளம்பிவிட்டார். அவரோடு வந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். காருக்கு முன்னால் வழி விலக்கிவிட ஓடியவன் யார் என்று பார்த்தால், நம் நாடகத்து மகன். வேஷத்தோடேயே வண்டியில் ஏறிப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, சம்பளம் அங்கே. முன்வரிசை சோபாக்கள் காலியாகிவிட்டன. சீனர்களாவது செத்தவர்களுக்காக முன்வரிசையை விட்டுவைக்கிறார்கள், நாம் உயிரோடு இருக்கிறவர்களுக்கு விட்டுவைத்து அவர்களும் எழுந்து போய்விடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

தகப்பன் மறுபடி அவசரமாகச் செத்தார். அதற்குள் வாசல் வழியாகக் கல்யாண அலங்காரக்காரர்கள் பூ வளைவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மைக் செட்காரர் கம்பியைச் சுருட்டத் தொடங்கினார். தலைவர் மேடை விளிம்பில் நின்று, "நேரம் போதாத காரணத்தால் நாடகம் இத்துடன் நிறைவு பெறுகிறது. வந்தவர்களுக்கு வாசலில் மீகூன் பொட்டலம் இருக்கு," என்றார்.

பாதிக் கூட்டம் எழுந்து பொட்டலத்துக்கு நகர்ந்தது. ஆசிரியர் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். எந்த நாடகத்திலும் முழுசாக உட்கார்ந்து பழக்கமில்லாத நான், என்ன நினைத்தேனோ, நேராகப் போய் முன்வரிசை சோபாவில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, முடிஞ்சிருச்சுலா," என்றார் தலைவர்.

"இன்னும் ஒரு காட்சி இருக்கு," என்றேன். "அத பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

"டேவான்காரன் சத்தம் போடுவான்ணே."

"போடட்டும். நானும் போடுவேன்."

எங்கள் பேச்சு முடியவில்லை, அக்கா மேடைக்கு வந்துவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மகன் உட்காரவேண்டிய முக்காலி காலியாக இருந்தது. மங்கை அதன் எதிரே வைத்தாள். மைக் கிடையாது. வாயைத் திறந்தாள்.

"கோழிய அடைச்சிட்டேன்யா."

அடக்கிவைத்திருந்த குரல் முழுசாக வெளியே வந்தது. மண்டபத்தின் கடைசி வரிசையில் மேசையை இழுத்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். வாசலில் பொட்டலம் வாங்க நின்றவர்களும் திரும்பினார்கள். அக்கா முக்காலியைப் பார்த்தபடி நின்றாள். மகனின் 'ம்' வரவேண்டிய இடம் அது. மகன் இல்லை. அவளுக்கு அடுத்த வரி வராது என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆங்கில நாடகத்தில்கூட அடக்க முடியாத அந்த 'ம்', அக்காவுக்காக ஒன்று தேவைப்பட்டபோது என் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது.

"ம்," என்றது ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். பொட்டலத்தைப் பிரித்து மீகூன் தின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி. வாய் நிறைய வைத்துக்கொண்டே ம் கொட்டியிருக்கிறாள்.

"அப்பா சட்டைய யாருக்கும் குடுக்கல. பெட்டிலதான் இருக்கு," என்றாள் அக்கா.

இந்த முறை நான் போட்டேன். என்னோடு இன்னும் நாலைந்து பேர்.

"பக்கத்து வீட்ல எல்லாரும் டவுனுக்குப் போயிட்டாங்கய்யா. லயத்துல நம்ம வீட்டு லைட்டு ஒண்ணுதான் எரியுது."

"ம்," என்றது மண்டபம். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அலங்காரக்காரர்கள் பூ வளைவைக் கீழே வைத்துவிட்டு அதன் நடுவிலேயே நின்றார்கள். அக்கா முக்காலியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். ஒரு வரிகூடத் தடுக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் ம் கொட்டினோம். என் கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

கடைசி வரிக்கு வந்தாள். ஆசிரியர் தூணிலிருந்து நிமிர்ந்து, திரைக்காரனுக்குக் கையைத் தூக்கினார். அந்த மௌனத்தையாவது காப்பாற்றிவிடலாம் என்று நினைத்திருப்பார்.

"நான் பேசுனது கேட்டுச்சாய்யா?" என்றாள் அக்கா.

"கேட்டுச்சுக்கா," என்றாள் மீகூன்காரப் பெண்மணி.

"நல்லா கேட்டுச்சுக்கா," என்றார் இன்னொருவர். அங்கும் இங்கும் குரல்கள் எழுந்தன. மேசையை இழுத்தவன்கூடத் தலையை ஆட்டினான். ஆசிரியர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவருக்காக நானும் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று நானும் எழுந்து நின்று, "கேட்டுச்சுக்கா," என்றேன்.

நாடகத்தில் அதற்கு மேல் வசனம் இல்லை. அக்கா எங்களை ஒருமுறை பார்த்தாள். "அப்ப சரி," என்றாள். குனிந்து மங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.