கருப்புக் கரை போட்ட செக் தாள்

வங்கியிலிருந்து வந்த ஏ.டி.எம். ரகசிய எண் தாளை ஓரம் கிழித்துத் திறந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. உறை இல்லை, பசை இல்லை. தாளே மடிந்து தன்னைத்தானே ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் செக்குகளையும் இப்படி அனுப்பினால் என்ன?

நாகர்கோவிலில் ஒரு சிறிய அறக்கட்டளையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கணவர்களைக் கடலில் இழந்த பெண்களுக்கு மாதாமாதம் செக் அனுப்புவோம். கணக்கு பார்க்கும் அக்காவும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து காக்கி உறைகளில் போட்டு ஒட்டுவோம். பசை நாற்றம்கூடப் பரவாயில்லை. உறையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். செக் கைக்கு வருமுன் கொழுந்தன்மார் பங்கு கேட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று சில பெண்கள் போனில் அழுவார்கள்.

சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு எழுதினேன். மூன்று மாதிரிகள் வந்தன: நீலக் கரை, சாம்பல் கரை, கருப்புக் கரை. செக்கை மூடும் மடிப்பின் உள்பக்கமும் கரையின் நிறமே. அச்சடித்து, மடித்து, ஓரங்களைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். மூன்று பக்கமும் வரிசையாகப் பொடித்துளைகள். அதன் வழியே கரையைக் கிழித்தால்தான் திறக்கும். ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நீலத்தில் எண்கள் நிழலாகத் தெரிந்தன. கருப்பில் ஒன்றுமே தெரியவில்லை.

"கருப்புதான் அக்கா."

"உனக்க கல்யாணத்துக்கு சேலை எடுக்க மாதிரில்லா பாக்கிய. சட்டுன்னு சொல்லிவிடு பிள்ளே, பஸ் போயிரும்."

சொல்லிவிட்டேன். சர்ச்சில் வளர்ந்தவள் நான். அடக்கத்துக்கும் நினைவு நாளுக்கும் வந்த கருப்புக் கரை அட்டைகள் எங்கள் வீட்டு இழுப்பறையிலும் கிடந்தன. இருந்தும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் மாதமே ஒரு பெண் போனில் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, தபால்காரன் சாவுச் சீட்டக் கொண்டு நீட்டுதான். ஆருன்னு பதறிக் கிழிச்சா எனக்க செக்கு! உங்க ஆபீசுல வேற கலரே இல்லியா?"

அக்காவும் நானும் சிரித்தோம். வாங்கிய தாள் தீரட்டும் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது ஒருவருக்கு அனுப்பிய மூன்று செக்குகளும் மாற்றப்படாமலே இருந்தன. புதுக்கடையில் பஸ் மாறி அந்தக் கடற்கரை ஊருக்குப் போனேன். அவருடைய கணவர் போன வள்ளம் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவர் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு மாதா படத்துக்குப் பின்னாலிருந்து மூன்று தாள்களையும் எடுத்து வந்தார். ஒன்றும் கிழிபடவில்லை.

"ஏன் அக்கா திறக்கல? செக்குல்லா இது."

"செக்கு காக்கிக் கவர்லல்லா வரும். இது கருப்புக் கரை. எதுக்குள்ளதுன்னு எனக்குத் தெரியாதா?"

"யாருகிட்டயாவது குடுத்துப் பாத்திருக்கலாமே."

"என்னத்துக்கு? தொறந்தாத்தானே மக்கா அவிய செத்தாவ."

நானே கிழித்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கரைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"உள்ள அவிய பேரு இருக்கா? வாசி."

செக்குக்கு மேலே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. புதுத் தாளில் இடம் கிடக்கிறதே என்று நான்தான் அதைச் சேர்த்திருந்தேன். 'மறைந்த இன்னார் அவர்களின் மனைவிக்கு' என்று எல்லோருக்கும் ஒரே வாசகம். முதல் சொல்லை விழுங்கிவிட்டு மீதியை வாசித்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா."

அவர் திரும்பினார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "அந்தச் சீட்டத் தா. அவிய பேரு போட்டதுல்லா, வச்சுக்கிடுதேன்."

அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் வாசித்துக் காட்டிவிடலாம். "ஆபீசுல திருப்பிக் கேப்பாவ" என்று பொய் சொன்னேன்.

"அப்பம் இந்தக் கருப்பயும் பெறக்கிக் கொண்டு போ" என்றார்.

செக்குகளை அவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து பொறுக்கினேன். திரும்பும் பஸ்ஸில் கைப்பைக்குள் அந்தக் கரைகளும் மூன்று சீட்டுகளும் கிடந்தன. டியூப் லைட்டில் எத்தனை முறை பார்த்தேன்! வெளியிலிருந்து உள்ளே தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நாகர்கோவில் வருமுன் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன். நீலக் கரைத் தாள்; மூன்றாக மடித்து, நடுப் பகுதியில் செக்கை அச்சடித்தால் இரண்டு பக்கமும் மறைந்துவிடும், எண் தெரியாது. துண்டுச் சீட்டில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வேறு வாசகம்: 'கடலுக்குப் போன இன்னார் அவர்களின் மனைவிக்கு.' வங்கிக்கு அந்த வரியைப் பற்றிக் கவலையில்லை. அறக்கட்டளைச் செயலாளர் சம்மதிக்க வேண்டும். திங்கட்கிழமை அவர் மேசையில் வைத்துக் கேட்க வேண்டும். சரி என்றால், முதல் தாளைத் தபாலில் போடாமல் நானே கொண்டு போய், அந்தச் சீட்டை அந்த அக்காவின் கையில் கொடுக்க வேண்டும்.