வெளியிலிருந்து சேர்த்த லாரி

அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தாலே மருந்துத் துணியின் வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். அதற்குப் பின்னால், முன்னறை மூலையில் பழைய கம்ப்யூட்டரின் விசிறி, தொண்டையில் சளி கட்டியவரைப் போலக் கரகரவென்று இரைந்துகொண்டிருக்கும். சாரம் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்தேன், அண்ணன் தெனி பாலிடெக்னிக் போய்க்கொண்டிருந்தான். அப்பா அதே ஊரில் மேட்டுப்பாளையம் பகுதியில் ஒரு சிறிய பட்டறையில் தகடு வெட்டும் 'பிரஸ்' ஓட்டினார். தவக்காலத்தில் ஒரு பிற்பகல் அந்த பிரஸ் அவருடைய வலக்கைமேல் இறங்கிவிட்டது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் போயின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பின என்றாலும், தையலோடும் வீக்கத்தோடும் மடங்க மறுத்து, குச்சிபோல நீட்டிக்கொண்டு நின்றன.

"ஆடி முடியறதுக்குள்ள இந்த ரெண்டு வெரலையும் மடக்கிப் பழக்கிடணும். இல்லன்னா இப்படியே இறுகிப் போயிடும். அப்புறம் எங்ககிட்ட வந்தும் பிரயோஜனமில்ல" என்று ஆஸ்பத்திரியில் விரல் பயிற்சி கொடுக்கும் பெண்மணி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அப்பா ஒன்றிரண்டு முறை போனார். முன்பின் தெரியாதவர்கள் பார்க்க, பெஞ்சில் உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்குவது அவருக்குத் தாங்கவில்லை. "நா இன்னா கைக்கொழந்தையா, பந்து வெச்சி வெளையாட?" என்று திரும்பி வந்தவர், அதன் பிறகு போகவேயில்லை. கையை ஒரு துண்டால் மூடிக்கொண்டார். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு இடக்கையால் சாப்பிட்டார். அம்மா ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் தட்டு சுவரில் போய் விழும். நானும் அண்ணனும் வீட்டுக்குள் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடக்கப் பழகிக்கொண்டோம்.

விபத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு இருந்தது. வேலையிலிருந்து வந்து குளித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எப்போதோ ஒரு சிடியிலிருந்து ஏற்றிய லாரி கேமைத் திறப்பார். மரம் ஏற்றிய லாரியை மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். லாரி டிரைவராகத்தான் போயிருப்பேன், வீட்டில் விடவில்லை என்று சொல்லிக்கொண்டே, வளைவுக்கு வளைவு நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து ஓட்டுவார்.

அண்ணனுடைய கேம்கள் வேறு இடத்தில் இருந்தன. இணையத்தில் கணக்கு வைத்து வாங்கும் கேம்களையெல்லாம் படம் படமாக ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டும் செயலி அது. அவன் அதை 'லைப்ரரி' என்பான். பிரான்சிலிருந்து 'வக்கான்சு'க்கு, அதாவது விடுமுறைக்கு, வந்திருந்த பெரியப்பா மகன் விட்டுச்சென்ற, இரு கையாலும் பிடித்து அமுக்கும் 'கேம்பேட்' ஒன்றும் அவனிடம் இருந்தது. மே மாதத்தில் ஒருநாள் அதை வைத்து நான் விளையாடிக்கொண்டிருந்தபோது, தற்செயலாக என் வலக்கையைக் குனிந்து பார்த்தேன். வேலை செய்வது கட்டைவிரலும், மேல்விளிம்பிலிருந்த விசையை அமுக்கும் ஆள்காட்டி விரலும் மட்டும். மற்ற மூன்றும் சும்மா பிடித்துக்கொண்டிருந்தன. அப்பாவின் வலக்கையில் மிச்சமிருந்தவையும் அந்த இரண்டுதான்.

அண்ணனிடம் சொன்னேன். அப்பாவின் லாரி பழைய கேம், அதற்குக் கீபோர்டு மட்டும்தான் தெரியும் என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒரு வழி இருக்குது. வெளி கேமா அத லைப்ரரியில சேத்துட்டு, அங்கேர்ந்து தொறக்கணும். பேட்ல அமுக்கறத லைப்ரரியே கீபோர்டு எழுத்தா மாத்திக் குடுக்கும்" என்றான். ஆனால் கை வைக்கத் தயங்கினான். "வெளி கேம உள்ள சேத்தா கணக்கையே முடக்கிடுவான்னு பசங்க சொல்றானுங்க." அந்தக் கணக்கிலிருந்த கேம்கள் அவன் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

"கணக்கு மொடங்குனா வேற தொறக்கலாம். அப்பா கை மொடங்குனா?" என்றேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா மாதா கோயிலில் பூசைக்குப் போயிருந்தார். அப்பா கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டுப் பின்னறையில் படுத்திருந்தார். லைப்ரரியின் கீழ்மூலையில் இருந்த கூட்டல் குறியைத் தட்டி, வந்த பட்டியலில் லாரியைக் காணாமல், ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தேடிப்போய் அதன் கோப்பை அண்ணன் தொட்டதுதான் தாமதம், திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பியது. 'ஆபத்தான கோப்பு அகற்றப்பட்டது.' ஆன்ட்டிவைரஸ் அதை விழுங்கிவிட்டது. ஃபோல்டரில் லாரி இல்லை. சிடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒன்றையும் நாமே தொலைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பின்னறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னாடா பண்றீங்க என் வண்டிய?" அப்பா வாசற்படியில் நின்றார், கையைச் சுற்றித் துண்டு. அண்ணன் திரும்பிப் பார்க்காமல், ஆன்ட்டிவைரஸ் பிடித்துவைக்கும் கோப்புகளைத் தேடிக்கொண்டிருந்தான். அங்கே இருந்தது. 'மீட்டெடு' என்பதை அமுக்கினான். மறுபடி கூட்டல் குறி, மறுபடி ஃபோல்டர்கள். லைப்ரரியின் பளபளப்பான படங்களுக்கு நடுவில், படம் ஏதுமில்லாத சாம்பல்நிறக் கட்டமாக லாரி வந்து நின்றது. திறந்ததும் இன்ஜின் உறுமியது.

அண்ணன் எழுந்து நாற்காலியை விட, மேசைமேல் தலையணையை வைத்து, அதன்மேல் கேம்பேடை வைத்தேன். "எனக்கு வேணாம். எடுத்துட்டுப் போங்க" என்று அப்பா திரும்பினார். அதற்குள் ஏற்றத்தில் நின்ற லாரி பின்பக்கமாக உருள ஆரம்பித்திருந்தது.

"பிரேக்கப் புடிங்கடா! பள்ளத்துல போவுது!"

நான் கைகளைக் கட்டிக்கொண்டேன். அண்ணனும் அசையவில்லை. அப்பா எங்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பாய்ந்து வந்து உட்கார்ந்தார். துண்டு தரையில் விழுந்தது. அந்தக் கையை நான் முழுசாகப் பார்த்தது அன்றுதான். ஆள்காட்டி விரல் விசைமேல் இருந்தும் மடங்கவில்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்க, பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டோடு சேர்த்து அழுத்தினார். விரல் மயிரிழை வளைந்தது. பள்ளத்தின் விளிம்பில் லாரி நின்று, பிறகு மெல்ல முன்னால் நகர்ந்தது.

அதிலிருந்து தினமும் உட்கார்ந்தார். விசையை எவ்வளவு ஆழம் அமுக்கினால் வண்டி நகர வேண்டும் என்பதை லைப்ரரியின் அமைப்பில் ஒரு கோட்டை இழுத்து முடிவுசெய்யலாம். லேசாகத் தொட்டாலே போதும் என்று முதலில் வைத்திருந்த அண்ணன், சில நாளுக்கு ஒருமுறை அவருக்குத் தெரியாமல் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனான். அவன் கல்லூரியில் இருக்கும் நாளில் நான் தள்ளினேன். "வண்டி இழுவ கொறையுது. இன்ஜின்ல ஏதோ கோளாறு" என்பார் அப்பா. "லோடு ஜாஸ்திப்பா" என்பான் அண்ணன். வலியில் அவர் முனகுவதைக் கேட்டு, "அந்த மனுசன இன்னும் ஏன் வதைக்கிறீங்க?" என்று அம்மா அடுக்களையில் அழுதார்.

பள்ளி திறந்த பிறகு ஒரு சாயங்காலம் வீடு திரும்பியபோது, அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். திரையில் அந்த அமைப்புப் பக்கம் திறந்திருந்தது.

"இது யாரு வேல?"

"நானும் அண்ணனும்தாம்பா."

நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். தட்டு பறந்த நாள்களின் முகமோ என்று பயந்தேன். "இதுல கடேசி எது?" என்றார். காட்டினேன். இடக்கையால் மவுசைப் பிடித்து, அந்தக் கோட்டை அவரே கடைசிவரைக்கும் இழுத்து விட்டார். "இனிமே நீங்க யாரும் தொடாதீங்க. நா பாத்துக்கறேன்."

அன்றைக்கு லாரி ஓரடிகூட ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. ஆடி பாதியில் முதல் வளைவைத் தாண்டியது; மாதம் முடிவதற்குள் உச்சிக்குப் போய்விட்டது. மறுநாளே, யாரும் கூப்பிடாமல், துண்டில்லாமல், அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். விரலை மடக்கி நீட்டிப் பார்த்த அந்த அம்மா, "வீட்ல இன்னா பயிற்சி செஞ்சீங்க?" என்று கேட்டார். "லாரி ஓட்டனேன்" என்றார் அப்பா. அந்த அம்மா அதிர்ந்து என் முகத்தைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு மழையில் எரிந்துபோனது. சாரத்து வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அண்ணனின் கணக்கை யாரும் முடக்கவில்லை. போன மாதம் அவன் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் நுழைந்ததும் கேம்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. லாரி மட்டும் வரவில்லை. வெளியிலிருந்து சேர்ப்பவை கணக்கோடு வருவதில்லையாம், சேர்த்த இயந்திரத்தோடேயே போய்விடுமாம். தட்டாஞ்சாவடியில் இப்போது ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கும் அப்பாவிடம் இன்று காலையில் அதைச் சொன்னேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "போனா போவுது பாப்பா, நேரமாவுது" என்று படியிறங்கிப் போனார்.