நீலத் துணிக்கு முன்னால் ஒரு பச்சைச் சேலை

கடல் வந்த நாளில் என்னுடைய கமரா ஆரையம்பதி வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. மூன்றாம் நாள் அலுமாரியை யாரோ ஒருவருடைய வேலியடியில் கண்டுபிடித்தோம். உள்ளே கமராவின் உறை மட்டும் கிடந்தது, மணல் நிரம்பி. நானும் கணவரும் மகளும் உயிரோடு இருந்தோம். அதனால் ஒரு கமராவுக்காக அழ வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுதேன்.

அதற்கு முன்பிருந்தே கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பது என் தொழில். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் பெண்கள் பகுதிக்குள் ஆண்கள் கமராவோடு போக முடியாது. பெண் ஒருத்தி எடுக்கிறாள் என்றால் தேடி வருவார்கள். சுனாமிக்குப் பிறகும் வந்தார்கள். வாடகைக் கமராவோடு சில வருடங்கள் ஓடின.

யுத்தம் முடிந்ததும் தள்ளிப்போட்டிருந்த கல்யாணங்கள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. இப்போது எல்லோருக்கும் வீடியோவில் ஒரு பாட்டு வேண்டும், அதில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் பனிமலையில் நிற்க வேண்டும். பச்சைத் துணிக்கு முன்னால் ஆட்களை நிறுத்தி எடுத்து, கணினியில் பச்சையை நீக்கிவிட்டு வேறு இடத்தை வைக்கும் வேலை அது. பகலெல்லாம் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து நானாகவே பழகினேன். ஆனால் வாடகைக் கமராவில் எடுத்த படத்தில் பச்சையை நீக்கினால் பொம்பிளையின் தலைமயிரும் சேர்ந்து போனது. கொண்டைப் பூ பாசி பிடித்ததுபோல் தெரிந்தது. பிழை என் கையில் இல்லை, கமராவில்தான் என்று விளங்கிய அன்றே சொந்தமாக ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

கடைக்காரர்கள் சொல்வதை நம்பி வாங்க நான் தயாராக இல்லை. இரண்டு யார் நீளமான பச்சைத் துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். மட்டக்களப்பு நகரத்துக் கடையொன்றில் துணியை விரித்ததும் சிரித்தார்கள். பெட்டியைத் திறந்து காட்டவே மாட்டோம் என்றார்கள். காத்தான்குடிக் கடைக்காரர் சிரிக்கவில்லை. தானே ஏணியில் ஏறித் துணியைச் சுவரில் அடித்துத் தந்தார். கடைக்கு வந்த ஒரு அம்மா தன் மகளைத் துணிக்கு முன்னால் நிறுத்த இணங்கினார். இரண்டு கமராக்களில் அந்தப் பிள்ளையை எடுத்தேன். பதிந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

ஒன்று புதியது, உள்ளங்கைக்குள் அடங்குவது. மற்றது கட்டாரில் வேலைசெய்து திரும்பிய ஒருவர் விற்கக் கொடுத்திருந்தது, பழையது, தோளில் வைக்குமளவு பெரியது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பச்சையில் இரண்டுமே குறைசொல்ல முடியாத படம் தந்தன. கல்யாண வீடுகளில் காலையிலிருந்து மாலை வரை தூக்கித் திரிகிறவள் நான். சின்னதை எடுப்பதென்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கிழமைதான் கிரான் பக்கத்திலிருந்து ஒரு பெண், கணவனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். இடம்பெயர்ந்து பாடசாலை ஒன்றில் இருந்த காலத்தில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. வகுப்பறையில் தாலி கட்டினார்கள். படம் எடுக்க ஒருவரும் இருக்கவில்லை. ஒரு படமாவது வேண்டும் என்றாள். எங்கே நிற்பதுபோல் வேண்டும் என்று கேட்டு, என்னிடமிருந்த மலைகளையும் பூந்தோட்டங்களையும் காட்டினேன். எதையும் அவள் சரியாகப் பார்க்கவில்லை. அவர்களுடைய வயல் இருக்கும் வட்டையில், அந்த வயல்வெளியில், இன்னும் மிதிவெடி எடுத்து முடியவில்லை, உள்ளே போக விடுகிறார்கள் இல்லை என்று சொன்னாள். அங்கே நிற்க வேண்டும்.

"அது இப்ப காடு புடிச்சிப்போய்க் கிடக்குமே," என்றேன்.

"கிடக்கட்டும் அக்கா. அதுதானே எங்கட."

உடுப்பு என்ன என்று கேட்டேன். முகாமில் நிவாரணமாகக் கிடைத்த சேலையைக் கட்டித்தான் மணவறையில் இருந்தாளாம். பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். நல்ல பச்சை. என் துணியின் அதே பச்சை. அதைக் கட்டிக்கொண்டு பச்சைக்கு முன்னால் நின்றால் தலையும் கைகளும்தான் மிஞ்சும் என்று விளக்கினேன். வேறு சேலை நானே தருகிறேன் என்றும் சொன்னேன்.

"வேற சேலையில எனக்குக் கல்யாணம் நடக்கல்லியே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள்.

பத்து நாளில் வரச் சொன்னேன்.

அடுத்த நாள் நீலத் துணியோடு காத்தான்குடிக்குப் போனேன். கடைக்காரர் மறுபடியும் ஏணியை எடுத்தார். இந்தமுறை அவரையே துணிக்கு முன்னால் நிற்கவைத்து இரண்டிலும் எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது சின்னதன் குறை தெரிந்தது. நீலம் முழுதும் மணல் தூவியதுபோல் புள்ளிகள். அதை நீக்கினால் அவருடைய தாடியின் ஓரமும் கரைந்தது. அதோடு அவர் அசையும்போதெல்லாம் கமரா தன்பாட்டில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் துணியின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வழியில்லை. பழையதில் வெளிச்சம், நிறம், தெளிவு மூன்றையும் கையால் திருகி ஒரே இடத்தில் நிறுத்தலாம். அதில் தாடி மயிர்கூடத் தனித்தனியாக நின்றது.

கடைக்குத் திரும்பிப் போய்ப் பழையதைத் தரச் சொன்னபோது கடைக்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, அது பாரம். புதுசுக்கு உத்தரவாதம் இரிக்கி, இதுக்கு ஒண்டும் இல்ல. மறுகா என்னக் குறை சொல்லப்படாது."

"சொல்ல மாட்டன். பாரத்த நான்தானே தூக்கப்போறன்," என்றேன்.

மகளின் தோட்டை விற்று வாங்கினேன். கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளை எடுத்து, "எந்த வட்டைக்குப் போகவேணும்?" என்று கேட்டார்.

அந்தப் பெண் சொன்ன அடையாளத்தில் போனோம். வீதியோரம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். அவற்றைத் தாண்டி ஆளுயரப் புல், நடுவில் ஒரு மருதமரம். காவலில் நின்ற சிப்பாய்க்கு எங்கள் தமிழ் விளங்கவில்லை. கையால் காட்டிக் கேட்டோம். வீதியை விட்டு இறங்கக் கூடாது என்று அவரும் கையாலேயே காட்டினார். வீதியில் முக்காலியை ஊன்றி மருதமரத்தையும் புல்லையும் அரைமணி நேரம் எடுத்தேன். காலை ஒன்பது மணி வெயில். அது எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று குறித்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் அவர்கள் வந்தார்கள். மடிப்புத் தெரியாமல் நீலத் துணியை அயன் பண்ணிச் சுவரில் இழுத்துக் கட்டியிருந்தேன். நிழல் துணியில் விழாதபடி ஆறடி முன்னே நிற்கவைத்தேன். அன்றைய வெயில் விழுந்த பக்கத்திலேயே விளக்கையும் வைத்தேன். பாதம் தெரிந்தால் புல்லுக்கு மேலே மிதப்பதுபோல் இருக்கும் என்பதால் முழங்காலுக்கு மேலேதான் எடுத்தேன். குழந்தை இறங்க மறுத்தது. கல்யாணப் படத்தில் பிள்ளையா என்று நான் தயங்க, அதுவும் இருக்கட்டும் என்றாள் அவள்.

நீலத்தை நீக்கியபோது பச்சைச் சேலை ஒரு நூல் குறையாமல் நின்றது. பின்னால் வட்டையை வைத்தேன். ஒரு ஓரத்தை மட்டும் இரண்டு நாள் திருத்த வேண்டியிருந்தது.

அவர்கள் திரும்ப வந்தபோது சீடியைப் போட்டுக் காட்டினேன். அவள் தன்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு மருதமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை என் வீட்டில் ஒரு வார்த்தையும் பேசாத அவளுடைய கணவன் கதிரையை விட்டு எழுந்து, திரைக்குக் கிட்டப் போய், புல்லுக்குள் விரலை வைத்தான். "இந்தா, இதாலதான் வாய்க்கால் போகுது. இதுக்கு அங்கால நம்மட வரம்பு," என்று குழந்தைக்குச் சொன்னான். எனக்குப் புல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

போகும்போது இன்னொரு சீடி கிடைக்குமா என்று கேட்டான். அடித்துக் கொடுத்தேன்.